கலை வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

(நமது சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியது. செய்திமடலுக்காகச் சற்று ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



போன கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றிக் கேட்டோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் சர்க்கரை நோய். இந்த முறை ஒரு கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பாதிப் பேருக்கு இனிப் படிக்கிற வயதில்லை, ஆனால் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நம் குழுவில் இரண்டு வாரமாக ஓடிய விவாதம்தான் அதைத் தேர்ந்தெடுத்தது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்திருக்கும் நம் வளாகத்துப் பெண் ஒருத்தி கலை வரலாறு படிக்க வேண்டும் என்கிறாள். மதிப்பெண் நன்றாக இருக்கிறது. பி.காம். கிடைக்கும், முயன்றால் பொறியியலும் கிடைக்கும். வீட்டில் தூக்கம் போய்விட்டது. அவள் பெற்றோர் இங்கே வந்திருக்கிறார்கள், அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். குழுவில் ஒருவர், "படம் வரைய ஆறு வருஷமா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "மியூசியத்தில் டிக்கெட் கிழிக்கலாம்" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் போட்டிருந்தார். அந்த நண்பரும் இங்கே இருக்கிறார். வணக்கம் சார்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் பி.காம்., முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க். ஓவியம் வரையத் தெரியாது. என் தங்கை மகள் வடோதராவில் இதே படிப்பைப் படித்தாள். இளங்கலை நான்கு வருடம், முதுகலை இரண்டு வருடம். ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது ஒரு பெட்டிப் புத்தகம் என் வீட்டில் இறங்கும். அவள் தூங்குவாள், நான் படிப்பேன். "மாமா, அந்தப் பக்கத்தில் காதை மடக்காதீங்க, லைப்ரரி புக்" என்று அவளிடம் திட்டு வாங்கிய அனுபவம் நிறைய உண்டு. ஆறு வருடத்தில் அவள் பட்டம் வாங்கினாள். எனக்குப் பட்டம் இல்லை, ஆனால் இந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துகொண்டேன்.

முதலில், "இது படம் வரையும் படிப்பு" என்ற எண்ணம். இல்லை. வரைபவர்களுக்கு ஓவியம், சிற்பம் என்று தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன. கலை வரலாறு என்பது ஒரு சிலையையோ ஓவியத்தையோ கட்டடத்தையோ பார்த்து, இதை யார் செய்தார்கள், எப்போது, எதற்காக, யார் பணம் கொடுத்தார்கள், இங்கே எப்படி வந்தது, இது அசலா என்று ஆதாரத்தோடு சொல்லக் கற்பது. வங்கி பாஷையில் சொன்னால், வரைகிறவர் வாடிக்கையாளர். கலை வரலாற்றுக்காரர் வவுச்சரைச் சரிபார்க்கிறவர்.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் சர்வீசின் கடைசிப் பத்து வருடம் நான் ஸ்பெஷல் அசிஸ்டென்ட். செக்கில் இருக்கும் கையெழுத்தை ஸ்பெசிமன் கார்டோடு ஒப்பிட்டு பாஸ் செய்வதும் என் வேலை. போலிக் கையெழுத்துப் போடுகிறவன் எங்கே கவனமாக இருப்பான்? முதல் எழுத்தில், கடைசியில் இழுக்கும் கோட்டில். எல்லோர் கண்ணிலும் படுவது அதுதானே. அவன் மாட்டுவது நடுவில். இரண்டு எழுத்து சேரும் இடத்தில், புள்ளி வைக்கும் இடத்தில், பேனாவை எடுத்து மறுபடி வைத்த இடத்தில். உண்மையான ஆள் அங்கெல்லாம் யோசிக்காமல் கை போன போக்கில் போடுவார். போலி போடுகிறவனோ யோசித்து யோசித்து வரைந்திருப்பான்.

தங்கை மகளின் புத்தகத்தில் ஜியோவானி மொரெல்லி என்பவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. 1816-ல் பிறந்த இத்தாலியர், மருத்துவம் படித்தவர். பழைய ஓவியங்களைப் பார்க்கும்போது முகத்தையும் கண்ணையும் விட்டுவிடுங்கள், அதையெல்லாம் காப்பி அடிக்கிறவனும் கவனமாகத்தான் வரைவான், காது மடலையும் விரல் நகத்தையும் பாருங்கள், அங்கேதான் ஓவியனின் கைப்பழக்கம் தன்னை அறியாமல் வெளிப்படும் என்றார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஓவியக்கூடத்தில், வேறொருவர் எடுத்த பிரதி என்று பட்டியலில் எழுதி வைத்திருந்த ஒரு வீனஸ் ஓவியத்தை, இது ஜியோர்ஜியோனே வரைந்த அசல் என்று சொன்னவர் அவர்தான். அதை முடித்துக் கொடுத்ததில் டிஷியன் கையும் உண்டு என்று பின்னால் வந்த அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் பிரதி என்று இன்று யாரும் சொல்வதில்லை. நம் கவுண்டர் புத்தியும் ஒரு பல்கலைக்கழகப் பாடம்தான் என்று எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இதெல்லாம் வெளிநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்காக கும்பகோணம் பக்கம் போவோம். சிவபுரம் என்ற ஊரில் 1951-ல் நிலத்திலிருந்து சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் ஒரு நடராஜர். கோயிலுக்குக் கொடுத்தார்கள். பிறகு பழுது பார்ப்பதற்காக வெளியே போய்த் திரும்பி வந்தது. ஊர் மக்கள் தினமும் விழுந்து கும்பிட்டார்கள். ஆனால் வந்தது அதேபோல் புதிதாகச் செய்த இன்னொரு சிலை. அசல் கைமாறிவிட்டது.

இதை வெளியே கொண்டுவந்தது போலீஸ் இல்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த டக்ளஸ் பாரெட் என்ற கலை வரலாற்று அறிஞர், முற்காலச் சோழர் செப்புச் சிலைகளைப் பற்றி 1965-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிவபுரம் கோயிலில் இருப்பது நகல், அசல் பம்பாயில் ஒருவரின் சேகரிப்பில் இருக்கிறது என்பது அதில்தான் அச்சில் வந்தது. பிறகு அது அமெரிக்கா போய், 1973-ல் நார்ட்டன் சைமன் என்ற கோடீஸ்வரரின் அறக்கட்டளை ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. நம் அரசாங்கம் வழக்குப் போட்டு, சமரசமாகி, 1986-ல் சிலை திரும்பி வந்தது.

நகல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம்மூர்ச் சிலைகளை மெழுகில்தான் முதலில் செய்வார்கள். மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. அதனால் எவ்வளவு கெட்டிக்காரர் நகல் செய்தாலும் அது இன்னொரு கையால் இன்னொரு முறை செய்ததுதான். பூணூல் மார்பில் விழுகிற விதம், தோளில் படியும் சடை, இடுப்பு ஆடையின் முடிச்சு, தலைக்குப் பின்னால் இருக்கும் சக்கரம் என்று ஒவ்வொன்றையும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். அந்தப் பழக்கம் தானாக வராது. நூற்றுக்கணக்கான சிலைகளை நேரில் பார்த்து, படம் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டு படங்களைத் திரையில் பக்கம் பக்கமாகக் காட்டிப் பாடம் நடத்தும் வழக்கத்தைப் பரப்பியவர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் என்ற சுவிஸ் நாட்டுப் பேராசிரியர். நூறு வருடத்துக்கும் மேலாகிறது. இன்றைக்கும் வகுப்பறையில் அதுதான் நடக்கிறது, கண்ணாடி ஸ்லைடுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

சரி, ஆறு வருடமும் படம் பார்ப்பதுதானா? தங்கை மகள் முதல் வருடம் களிமண் பிசைந்தாள், வரைந்தாள், அச்சு எடுத்தாள். கையால் செய்து பார்க்காதவனுக்குக் கண் வராது என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள், நியாயம்தான். பிறகு மேலை நாட்டுக் கலை, இந்தியக் கலை, சீனா, ஜப்பான், அழகியல், சிற்ப சாஸ்திரம், நவீன ஓவியம். ஒவ்வொரு வருடமும் சுற்றுப்பயணம். அஜந்தா, எல்லோரா, சாஞ்சி என்று போய் வெயிலில் நின்று குறிப்பெடுக்க வேண்டும். ஒரு விடுமுறை முழுக்க சமஸ்கிருத இலக்கணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என் மகன் பொறியியல் படித்தபோதுகூட அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. (அவன் இதைப் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.)

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழ். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்கள்? ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகளைப் பற்றி அந்தச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சிலை எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை, கூட இருக்கும் உருவங்கள் எவை என்பதெல்லாம் இருக்கிறது. நகைகளுக்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை எடை. எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்றுகூட எழுதியிருக்கிறது. பொன்னுக்கு ஆடவல்லான் என்ற கல், நகைக்கு தக்ஷிணமேரு விடங்கன் என்ற கல். அரக்கு உட்பட இவ்வளவு எடை என்று குறிப்பு வேறு.

நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் இதன் அருமை புரியும். அரக்குக்கு எவ்வளவு கழிப்பது என்று அப்ரைசரோடு நாங்கள் எத்தனை நாள் வாதாடியிருக்கிறோம்! ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் அதே வேலையைப் பார்த்துக் கல்லில் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார். அது கோயிலின் ஸ்டாக் ரிஜிஸ்டர். அந்த ரிஜிஸ்டரில் இருக்கும் பல திருமேனிகள் இன்று கோயிலில் இல்லை. எந்தச் சிலை எந்தப் பதிவுக்குப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டுமானால் தமிழ் எழுத்தும் தெரிய வேண்டும், சிலையும் தெரிய வேண்டும். அப்படி இரண்டும் தெரிந்த ஆட்கள் நமக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் துறையில் பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் முதலிலிருந்தே இதையே படித்தவர்கள் அல்ல. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகன், லண்டனில் படித்தது மண்ணியலும் தாவரவியலும். 1917-ல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், இந்தியக் கலையை உலகம் பார்க்கும் பார்வையையே மாற்றினார். பரோடாவில் பல வருடம் ஆசிரியராக இருந்த ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். பாத்தூர் நடராஜர் வழக்கில் லண்டன் கோர்ட்டில் கூண்டில் ஏறி, இந்தச் சிலை இந்தக் கோயிலுடையது என்று சாட்சி சொன்ன நம் இரா. நாகசாமி, தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர். அந்த நடராஜர் 1991-ல் வந்து சேர்ந்தார். ஆகவே, இப்போது பி.காம். படித்துவிட்டுப் பிறகு முதுகலையில் இதற்குள் போகலாமா என்று கேட்டால், சில இடங்களில் போகலாம். அந்த வழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே படிப்பது? வடோதராவில் எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம், 1950-ல் தொடங்கியது. இளங்கலையிலேயே கலை வரலாற்றைத் தனிப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். சாந்திநிகேதனில் 1919-லிருந்து இருக்கும் கலாபவனம். முதுகலைக்கு டெல்லியில் ஜே.என்.யூ.வின் கலை, அழகியல் பள்ளி. 1989-ல் தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து தொடங்கிய கல்வி நிறுவனம் இப்போது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹெரிடேஜ் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது. அங்கே கலை வரலாறு, அருங்காட்சியகவியல், பழம்பொருள் பாதுகாப்பு மூன்றும் உண்டு. சென்னையிலேயே இருக்க வேண்டும் என்றால் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறையை விசாரியுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தனியார் பொறியியல் கல்லூரியைப் போல மென்னியைப் பிடிக்காது. விடுதி, சுற்றுப்பயணம், புத்தகம், கேமரா இவற்றுக்குத்தான் செலவு. கட்டணமும் நுழைவுத் தேர்வு முறையும் அடிக்கடி மாறுகின்றன, அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் நேராகப் பாருங்கள். யாரோ அனுப்பிய பழைய பி.டி.எஃப்.பை நம்ப வேண்டாம்.

இனி டிக்கெட் கிழிக்கும் கேள்வி. இந்தக் கிண்டல் உலகம் முழுக்க உண்டு. 2014-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவே ஒரு தொழிற்சாலைக் கூட்டத்தில், கலை வரலாற்றுப் பட்டத்தைவிடக் கைத்தொழில் கற்றால் அதிகம் சம்பாதிக்கலாம் என்ற அர்த்தத்தில் பேசினார். டெக்சாசிலிருந்து ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியை எதிர்ப்புத் தெரிவித்து எழுத, ஜனாதிபதி தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். இங்கிலாந்தில் 2016-ல் ஒரு தேர்வு வாரியம் பள்ளி இறுதியில் கலை வரலாற்றுப் பாடத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, வேறொரு வாரியம் எடுத்து நடத்த முன்வந்தது.

ஒபாமா சொன்னதில் கணக்குத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றோரை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. படித்து முடித்த மறுநாள் சாஃப்ட்வேர் கம்பெனி போல வந்து அள்ளிக்கொண்டு போக யாரும் இல்லை. ஆரம்பச் சம்பளம் குறைவு. வேலை பெரும்பாலும் டெல்லி, மும்பை, பெங்களூரு. அரசு அருங்காட்சியகங்களில் காலியிடம் அறிவித்தால்தான் உண்டு, அதற்கும் வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

ஆனால் கதவுகள் இருக்கின்றன. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் காட்சிக் கலை என்ற பாடத்தில் கலை வரலாறும் அடக்கம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதன்மேல் வீட்டு வாடகைப்படி. தனியார் அருங்காட்சியகங்கள் வந்திருக்கின்றன. டெல்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகம் 2010-ல் வந்தது, பெங்களூரில் மேப் 2023-ல் கட்டடம் திறந்தது. ஏல நிறுவனங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் பூர்வீகம் எழுத ஆள் வேண்டும். நம் வீடு விற்கும்போது முப்பது வருட வில்லங்கச் சான்று கேட்கிறோமே, அதே மாதிரி ஓவியத்துக்கும் சிலைக்கும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தொடர்ச்சியாகக் காட்ட வேண்டும். பதிப்பகம், ஆவணக் காப்பகம், இன்சூரன்ஸ் மதிப்பீடு என்று இன்னும் சில உண்டு. தங்கை மகள் இப்போது ஒரு ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களைப் பட்டியலிடுகிறாள். அவள் அண்ணன் வாங்கும் சம்பளத்தில் பாதிதான். கார் இல்லை. குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கூட்டம் தொடங்கும் முன் ஒருவர் கேட்டார், "இப்பத்தான் போனைக் காட்டினாலே இது எந்தச் சிலைன்னு சொல்லிடுதே?" போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் படத்தோடு பொருந்தினால் சொல்லும். முதலில் யாராவது அந்தப் படத்தை எடுத்து, பெயர் எழுதி, ஊர் எழுதி வைத்திருக்க வேண்டுமே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் ஐம்பதுகளிலிருந்து நம் கிராமத்துக் கோயில்களுக்குப் போய் ஒவ்வொரு திருமேனியையும் படம் எடுத்து வைத்தார்கள். அப்போது அது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தபோது, இது எங்கள் ஊருடையது என்று நிரூபிக்க உதவியவை அந்தப் பழைய படங்கள். இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 2014 செப்டம்பரில் சிலை திரும்பி வந்தது.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பெண்ணுக்குப் பொறுமை இருக்கிறதா, ஒரு பொருள் முன் அரைமணி நேரம் நிற்பாளா, நிறையப் படிப்பாளா, பார்த்ததைத் தெளிவாக எழுதுவாளா என்று கவனியுங்கள். ஓவியப் போட்டியில் பரிசு வாங்கினாளா என்பது இதற்கு முக்கியமில்லை. பத்துப் பக்கம் தானாக எழுதத் தெரியாத பிள்ளைக்கு இந்தப் படிப்பு கஷ்டம்.

வீட்டில் உட்கார்ந்து இதை முடிவு செய்ய வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எல்லோருமாக ஒருநாள் போய் வரலாம் என்று செயலாளரிடம் பேசியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அதனால் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. காலை ஒன்பதரைக்கு மெயின் கேட்டிலிருந்து வேன் கிளம்பும். முதலில் செப்புத் திருமேனிக் கூடம், பிறகு அமராவதிச் சிற்பங்கள், மதியச் சாப்பாட்டுக்கு வீடு. தங்கை மகள் அந்த வாரம் ஊரில் இருக்கிறாள், வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நடராஜர்களை ஒப்பிடச் சொல்லி எல்லோரையும் கேள்வி கேட்பாள், தயாராக வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி கொண்டுவருவது நல்லது. வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் சங்க அலுவலகத்து நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள். டிக்கெட் பற்றி எழுதிய நண்பரின் பெயரை நானே எழுதிவிட்டேன்.